வெர்னா பார்க்க வந்த கட்டில்

அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை வெர்னா பிக்கெட்டுக்குப் பிறவியிலேயே இருந்தது. அதையே ஒரு பிழைப்பாக்கிக்கொள்ள அரசாங்கம் வழி செய்து கொடுத்ததுதான் அவளுடைய அதிர்ஷ்டம்.

ஒஹாயோ ஆற்றங்கரையில் மில்லர்ஸ் லேண்டிங் என்ற ஊரில் அவள் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுத்துவந்தாள். ஜனவரி பிறந்தால் ஏப்ரல் பாதி வரை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட முடியாது. முழுக்கக் காகிதம். அவள் புருஷன் ஆர்வில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவான், கணக்கு எழுத வருகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுப்பான். அவனும் ஒரு காலத்தில் பாய்லர் வெல்டர்தான். முழங்கால் இரண்டும் போய், இப்போது வீட்டோடு இருக்கிறான்.

ஊரில் பாதி ஆண்களுக்கு அதுதான் தொழில். அனல் மின் நிலையங்களை அவ்வப்போது நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அந்த ஷட்டவுனுக்கு வெல்டர்கள் வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் ஆற்றோரம் இருக்கும் நிலையத்தில் இலையுதிர்காலத்தில் கொஞ்ச நாள் வேலை கிடைக்கும். மற்றபடி இண்டியானா, ஜார்ஜியா, டெக்சஸ் என்று கூப்பிட்ட இடத்துக்கு ஓட வேண்டும். பெரும்பாலானவர்கள் பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், வேலை நடக்கிற ஊரில் எங்கேயாவது ஒரு தோப்பில் வாடகைக்கு நிறுத்தி, அதிலேயே சமைத்து அதிலேயே படுப்பார்கள்.

வேலைக்காக வீட்டை விட்டுப் போய் வெளியூரில் தங்கிச் சாப்பிடுகிறவன், அந்தச் செலவைக் கம்பெனி திருப்பித் தராவிட்டால், அதை வருமானத்தில் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு வரி கட்டலாம். சட்டம் அவ்வளவு தாராளமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு கொக்கி. வீட்டை விட்டுப் போக வேண்டுமானால் முதலில் வீடு என்று ஒன்று இருக்க வேண்டும். வேலை போகிற இடத்துக்கெல்லாம் போய், நிறுத்துகிற இடத்தில் தூங்குகிறவன் நத்தை மாதிரி. வீடு அவன் முதுகிலேயே இருக்கிறது, அவன் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஆகவே கழிக்க ஒன்றுமில்லை.

எது வீடு, எது முதுகு என்று பிரித்துப் பார்க்கச் சட்டம் மூன்று கேள்வி கேட்கும். சொந்த ஊர்ப் பக்கம் வேலை செய்யும்போது அந்த வீட்டில் தங்குகிறானா? வெளியூரில் வாடகை கொடுக்கும்போதே இந்த வீட்டுக்கும் செலவு செய்கிறானா? அவனுடைய மனிதர்கள் அங்கே இருக்கிறார்களா? மூன்றும் தேறினால் வீடு உண்டு. இரண்டு தேறினால் வாதாடிப் பார்க்கலாம். ஒன்றுதான் என்றால் நத்தை.

இதற்காக நேரில் போய்க் கட்டிலைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெர்னா சொன்னாள். தனிக்கட்டையாக இருப்பவன், அம்மா வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவன், அக்கா வீட்டு மாடியில் இருப்பவன், யார் முதல்முறை வந்தாலும் அவள் அந்த வீட்டுக்குப் போவாள். கட்டிலைப் பார்ப்பாள். கோட்டு எந்த ஆணியில் தொங்குகிறது, சமையலறையில் எந்தக் கப் அவனுடையது என்று விசாரிப்பாள். “எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பான்?” என்று வீட்டுக்காரர்களைக் கேட்பாள். வெர்னா வருகிறாள் என்றால் ஊரில் ஜன்னல் துடைப்பார்கள். ஒருமுறை ஒருவன் அவசர அவசரமாகக் கட்டில் போட்டு வைத்திருந்தான். மெத்தையில் கடையின் விலைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வெர்னா காபியைக் குடித்தாள், கேக் நன்றாக இருக்கிறது என்றாள், வந்துவிட்டாள். கணக்கு எழுத வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

இந்தக் கிறுக்கு அவளுக்கு வந்ததற்கு ஆர்விலும் ஒரு காரணம். வேலையில் இருந்த காலத்தில் ஊர் திரும்பினால் கேரவனைப் பின்முற்றத்தில் நிறுத்துவான். சாப்பிட வீட்டுக்குள் வருவான், தூங்கக் கேரவனுக்குப் போய்விடுவான். வீட்டு மெத்தை ரொம்ப மெத்தென்று இருக்கிறதாம். விடியுமுன் எழுந்து பழகிவிட்டதாம், மற்றவர் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதாம். இந்தத் தொழில்காரர்கள் எல்லோருக்கும் வருகிற நோய் இது. ஒரு ராத்திரி என்பார்கள், அந்த ஒரு ராத்திரி வருஷக்கணக்கில் நீளும். முழங்கால் ஆபரேஷனுக்கு ஆர்வில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்தில் வெர்னா அந்தக் கேரவனை விற்றுவிட்டாள். ஊன்றுகோலோடு வந்து இறங்கியவன் பின்முற்றத்தில் நீளவாக்கில் வெளுத்துக் கிடந்த புல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான். ஆனால் உள்ளேதான் தூங்குகிறான்.

லானி ஹாடாக்ஸ் அவளிடம் வந்தது ஒரு பிப்ரவரி மாதம். ஆர்விலோடு ஒரே கூட்டத்தில் வேலை பார்த்தவன், ஐம்பதைத் தாண்டியவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன். வாசலில் நின்று பூட்ஸைத் தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான். உள்ளே கூப்பிடாவிட்டால் அங்கேயே நின்று தேய்த்துவிட்டுப் போயிருப்பான்.

“வாடா லானி. செத்துப் போயிட்டேன்னு நெனச்சேன்,” என்றான் ஆர்வில்.

“செத்தா உனக்குச் சொல்லாமப் போவேனா பெரிசு? பெட்டியத் தூக்க ஆள் வேணுமே.”

“என் முட்டிய வச்சுக்கிட்டு நான் எங்கடா தூக்குறது? உருட்டித்தான் விடணும்.”

லானி சிரித்துக்கொண்டே ஒரு பழைய காபி டப்பாவை மேசையில் வைத்தான். உள்ளே ரசீதுகள். இதுவரை அவன் வேலை பார்த்த கம்பெனி தங்குகிற செலவைத் தானே கொடுத்துவந்தது. போன வருஷம் காண்ட்ராக்டர் மாறினான், ஒரு சல்லிக்காசு தரவில்லை. வருஷத்தில் முக்கால்வாசி வெளியூரில். தோப்பு வாடகை, சாப்பாடு எல்லாம் கைக்காசு.

வெர்னா கூட்டிப் பார்த்தாள். கழிக்க முடிந்தால் அவனுக்கு வரி அதிகம் வராது. முடியாவிட்டால் நாலாயிரம் டாலருக்கு மேல் கட்ட வேண்டும். லானியிடம் அவ்வளவு இல்லை. இருந்ததை வண்டிக்குப் புது இன்ஜின் போட்டுத் தீர்த்துவிட்டான்.

“வீடு எங்க?” என்றாள்.

“ரிட்ஜ் மேல, ஜெரால்ட் வீடு. ஜெரால்ட் எங்கண்ணன். எங்கப்பா கட்டுன வீடு அது. மாடியில என் ரூம்.”

“கட்டில்?”

லானி முகம் மலர்ந்தது. கட்டிலைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தான். “இரும்புக் கட்டில். ஜன்னல் ஓரமாப் போட்டிருக்கும். தலமாட்டுல வளைவு வளைவா கம்பி. படுத்துக்கிட்டே வால்நட் மரத்துல அணில் ஓடுறத எண்ணலாம். சின்ன வயசுல நானும் ஜெரால்டும் அதுலதான் ஒண்ணாப் படுப்போம். உதைப்பான்.”

“வீட்டுக்குக் காசு ஏதாவது குடுக்கறியா?”

“மாசாமாசம். ஜெரால்ட் வாங்க மாட்டான், சர்க்கரை டப்பாவுக்கு அடியில வச்சுட்டு வந்துருவேன். ஊர்ல இல்லாதப்ப தபால்ல அனுப்பிருவேன்.”

“வியாழக்கிழமை வந்து பாக்கறேன்.”

“தாராளமா வாங்க. அன்னைக்கு எனக்கு வெல்டிங் டெஸ்ட் இருக்கு, நான் இருக்க மாட்டேன். அண்ணி ட்வைலா இருப்பா. மாடி ஏறினதும் இடது பக்கக் கதவு.”

வியாழக்கிழமை வெர்னா ஊருக்கு மேலே மலைமுகட்டில் இருந்த ரிட்ஜுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் பக்கவாட்டில், கொட்டகைக்கு முன்னால், லானியின் கேரவன் நின்றது. தாழ்வாரத்துச் சுவரில் இருந்த மின்சாரப் பாயிண்டிலிருந்து ஆரஞ்சு நிற வயர் ஒன்று பனியில் நெளிந்து கேரவனுக்குள் போனது. இது ஒரு காலத்தில் வெர்னாவின் முற்றத்திலும் இருந்த காட்சிதான்.

ட்வைலா காபி கொடுத்தாள், ஆப்பிள் கேக் வெட்டி வைத்தாள், பனியைப் பற்றிப் பேசினாள், மாட்டைப் பற்றிப் பேசினாள். வெர்னா கேக்கை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள்.

“லானி ரூமை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்.”

“மாடியெல்லாம் ஒரே அலங்கோலமாக் கெடக்கு.”

“நான் பாக்காத அலங்கோலமா?”

“குளிரு வேற. மேல ஹீட்டர் போடல.”

“கோட்டு போட்டிருக்கேன்,” என்று வெர்னா படியேறிவிட்டாள். ட்வைலா கையைப் பிசைந்துகொண்டே பின்னால் வந்தாள்.

மேலே குளிரே இல்லை. இடது பக்கக் கதவைத் திறந்தால் கதகதப்பாக இருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை. ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. அறை நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு நீளப் பெட்டி, மூடி திறந்து கிடந்தது, மேலும் கீழும் வரிசையாக டியூப் லைட்டுகள். சுவரில் ஒரு கடிகாரம், அதற்குக் கீழே ‘பத்து நிமிடம் மூன்று டாலர்’ என்று ட்வைலாவின் கையெழுத்து. பள்ளிக்கூட நடனம் நெருங்கினால் சுற்றுவட்டாரப் பெண்பிள்ளைகள் இந்தப் பெட்டிக்குள் படுத்துத் தோலைப் பழுப்பாக்கிக்கொண்டு போவார்கள். நல்ல வெள்ளைத் தோலைக் காசு கொடுத்துக் கறுக்கவைக்கிற கூத்தை வெர்னா கேள்விப்பட்டிருந்தாள். அது லானியின் அறையில் நடக்கிறது என்பதுதான் புதுச் செய்தி.

“அவனுக்குத் தெரியுமா?” என்றாள்.

“ஜெரால்டு சொல்றேன்னாரு. மூணு வருஷமா சொல்றேன் சொல்றேன்னுக்கிட்டே இருக்காரு.” ட்வைலா சுவரில் சாய்ந்துகொண்டாள். முதலில் அழப்போகிறாள் போலிருந்தது, பிறகு கோபம்தான் வந்தது. “எங்க மேல தப்பு சொல்லாதீங்க வெர்னா. மாமியார் போனதுக்கப்புறம் ஒவ்வொரு தடவ லானி ஊருக்கு வரும்போதும் நான் அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாத்துவேன். இஸ்திரி போட்டு. தலகாணி உறையில லாவெண்டர் வச்சு. அவரு மேல ஏறவே மாட்டாரு. ‘கேரவன்லயே நல்லா இருக்கு ட்வைலா, உனக்கு எதுக்குத் தொந்தரவு’ன்னுருவாரு. அவரு போனதும் யாரும் படுக்காத விரிப்ப எடுத்து நான் திரும்பத் துவைப்பேன். எத்தன வருஷம் செய்வா ஒரு பொம்பள? ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிடுவாரு, தட்டக் கழுவி வச்சுட்டுப் போயிருவாரு, விருந்தாளி மாதிரி. காச சர்க்கரை டப்பாவுக்குக் கீழ வச்சுட்டு ஓடுவாரு, நாங்க என்னமோ லாட்ஜ் நடத்துற மாதிரி. அவருக்கு நாங்க வீடு இல்ல. கரண்ட் பாயிண்ட்.”

வெர்னா அறையை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தாள். கேட்க ஒரு கேள்விதான் இருந்தது.

“கட்டில் எங்க?”

ட்வைலா அலுமினியத் தாளின் ஓரத்தை விலக்கிக் காட்டினாள். கீழே காய்கறித் தோட்டத்தில், பனிக்கு மேலே, வளைவு வளைவாகக் கம்பிகள் தெரிந்தன. கட்டிலின் தலைமாட்டையும் கால்மாட்டையும் கொடி படர நட்டுவைத்திருந்தார்கள். போன வருஷத்துப் பீன்ஸ் கொடி காய்ந்து சுற்றியிருந்தது.

வீட்டுக்கு வந்து ஆர்விலிடம் சொன்னபோது அவன் டிவியை அணைத்தான். அவன் டிவியை அணைப்பது அபூர்வம்.

“எழுதிக் குடுத்துரு வெர்னா. நல்ல பையன். யாரு வந்து மாடி ஏறிப் பாக்கப் போறாங்க?”

“நான் ஏறிப் பாத்துட்டேனே.”

“நீ பாக்காம இருந்திருக்கலாம்.”

“அதுவும் சரிதான்,” என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கே அப்படித் தோன்றியது. ஆனாலும் மனம் அந்த மூன்று கேள்வியைச் சுற்றியே ஓடியது. ஊர்ப்பக்கம் வேலை செய்யும்போது அந்த வீட்டில் தங்குகிறானா? இல்லை, முற்றத்தில் தங்குகிறான். வீட்டுக்குச் செலவு செய்கிறானா? இல்லாத அறைக்குச் செய்கிறான். அவனுடைய மனிதர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். ஒன்றே ஒன்று. அந்த அறை போனது இப்போது லானியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இது அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் லானி வந்தான். டெஸ்டில் தேறிவிட்ட சந்தோஷத்தில் இருந்தான்.

“கட்டிலப் பாத்தீங்களா?”

“லானி, நீ கடைசியா எப்ப மாடி ஏறுன?”

யோசித்தான். தொப்பியைக் கழற்றிப் பார்த்தான், அதில் எழுதியிருக்கிற மாதிரி. “அம்மா இருந்தப்ப ஏறியிருக்கேன். அதுக்கப்புறம்... பூட்ஸ் அழுக்கா இருக்குமே. ஏன்?”

“ஒரு தடவ ஏறிப் பாத்துட்டு வா. அப்புறம் எழுதலாம்.”

“என்னாச்சு? ஒழுகுதா?”

வெர்னா ரசீதுகளைக் காபி டப்பாவுக்குள் திரும்பப் போட்டாள். ஆர்வில் சும்மா இருந்ததுதான் லானியைக் கலவரப்படுத்தியது.

“நீங்களும் வர்றீங்களா?” என்றான், சின்னப் பையனைப் போல.

சனிக்கிழமை போனார்கள். அவர்கள் வருவதைப் பார்த்ததும் ஜெரால்ட் கொட்டகைக்குள் போனவன் போனவன்தான். சமையலறையில் ட்வைலா அவர்களைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த துணிக்கூடையைக் கீழே வைத்தாள். லானி வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு மாடி ஏறினான். வெர்னா நாலு படி தள்ளிப் பின்னால் ஏறினாள்.

இடது பக்கக் கதவின் கீழ் இடுக்கில் ஊதா வெளிச்சம் ஒழுகியது. உள்ளே ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. லானி அதைப் பார்த்தபடி நின்றான். பிறகு தன் அறைக் கதவைத் தட்டினான்.

“இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு ட்வைலா. காசு குடுத்திருக்கேன்ல,” என்றது உள்ளிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல்.

லானி கதவிலிருந்து கையை எடுத்தான். மேல்படியில் உட்கார்ந்துகொண்டான். தொப்பியை முழங்காலில் மாட்டிவைத்தான். காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கிற மனிதன் அவன். எத்தனையோ மின் நிலைய வாசல்களில் அப்படிக் காத்திருந்திருக்கிறான். வெர்னா சுவரில் தொங்கிய குடும்பப் படங்களைப் பார்க்கிற மாதிரி நின்றாள். ஒன்றும் கண்ணில் படவில்லை.

கதவு திறந்தது. பதினாறு வயசுப் பெண் ஒருத்தி துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் பீட்ரூட் நிறம், கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை வட்டம்.

“நீங்களும் வெயிட்டிங்கா?” என்றாள் லானியிடம்.

“ஆமாம்மா,” என்றான் லானி, நகர்ந்து வழி விட்டான்.

அவள் போனபின் உள்ளே போனான். பெட்டியைச் சுற்றி வந்தான். விலைச் சீட்டைப் படித்தான். அலுமினியத் தாளை விலக்கி மரத்தைப் பார்த்தான். அவன் கண் தோட்டத்துப் பக்கம் இறங்கியதை வெர்னா பார்த்தாள்.

“அது என் கட்டில் கம்பியா?”

“ஆமா,” என்றாள் ட்வைலா வாசலில் இருந்து.

“போன ஆகஸ்ட்ல நான்தான் அதுல பீன்ஸ் பறிச்சேன். ஒரு கூடை பறிச்சேன். எனக்குத் தெரியவே இல்ல.” கோபமில்லை அவன் குரலில். தனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்பதுதான் அவனுக்கு விளங்காததாக இருந்தது. “சொல்லியிருக்கலாமே ட்வைலா.”

“எங்க வந்து சொல்றது? ஒங்க கேரவன் கதவத் தட்டியா?” ட்வைலாவுக்குக் குரல் உடைந்தது. “நான் விரிப்பு மாத்தி மாத்தி வச்சேன். ஒங்களுக்காக.”

“நீ விரிப்பு மாத்துனது எனக்குத் தெரியாது.”

“மேல வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்.”

லானி பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டான். அந்த மூடியின் பற்றவைப்பு மட்டமாக இருப்பதைக் கவனித்து, விரலால் தடவிப் பார்த்தான். “நான் ஒங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நெனச்சேன்,” என்றான்.

“அதான் பண்ணல. நல்லா இருக்கா?” என்றாள் ட்வைலா, முந்தானை போல ஏப்ரனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

காருக்குத் திரும்பும்போது லானி அந்த ஆரஞ்சு வயரைத் தாண்டிக் காலை வைத்தான். “அப்போ சட்டப்படி எனக்கு வீடு எங்க இருக்கு வெர்னா?”

“போன வருஷத்துக்கு, அதோ,” என்று வெர்னா கேரவனைக் காட்டினாள். “கழிக்க முடியாது லானி. என்னால எழுத முடியாது.”

“சரி. எழுதாதீங்க. இல்லாதத எப்படி எழுதுவீங்க?” என்றான்.

பணத்துக்கு லானி கேரவனை விற்றான். வாங்க வந்தவர்களில் முதல் ஆள் ஆர்வில். ஊன்றுகோலோடு சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தான், உள்ளே ஏறிப் படுத்தும் பார்த்துவிட்டான்.

“நல்ல வெலைடா லானி. நான் எடுத்துக்கறேன். சும்மா பின்முற்றத்துல நிக்கட்டும்.”

“எடுத்துக்கோ,” என்றாள் வெர்னா. “அதுல சமைச்சுப் போடவும் ஆள் பாத்துக்கோ.”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன் கெழவி.”

கடைசியில் கென்டக்கியிலிருந்து ஒரு புதுக் கல்யாண ஜோடி வந்து இழுத்துக்கொண்டு போனது. வரி கட்டியது போக மிச்சத்தில் லானி ஒரு பெரிய துணிப்பை வாங்கினான். அந்த வசந்தத்தில் இண்டியானாவில் ஒரு விதவை வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினான். வெர்னாவுக்கு ஒரு தபால் அட்டை போட்டிருந்தான்: மெத்தை மெத்தென்று இருக்கிறது, தூக்கம் வரவில்லை, ஆர்விலிடம் சொல்லவும்.

வெர்னாவுக்கு அந்த வருஷம் முழுக்க ஒரே குறுகுறுப்பு. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் ட்வைலா பேச்சு கொடுக்காமல் போய்விடுவாள். இலையுதிர்காலத்தில் ஆற்றோர நிலையத்தில் ஷட்டவுன் ஆரம்பித்தது, லானி ஊர் திரும்பிவிட்டான், ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறான் என்று ஆர்வில் கேள்விப்பட்டு வந்து சொன்னான். எங்கே தங்குகிறான் என்று ஆர்விலுக்குத் தெரியவில்லை. ரிட்ஜ் பக்கம் காரை ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்கலாமா என்று வெர்னாவுக்குக் கை அரித்தது. போகவில்லை. போகாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டமென்று ஆர்விலுக்குத்தான் தெரியும். அவன் கேலிகூடச் செய்யவில்லை.

நவம்பரில் ஒருநாள் ட்வைலாவே போன் செய்தாள்.

“இன்னைக்கு மத்தியானம் வர முடியுமா? சத்தம் போடாம வாங்க. காரைக் கீழயே நிறுத்திருங்க.”

தாழ்வாரத்துச் சுவரில் ஆரஞ்சு வயர் இல்லை. கார் கொட்டகைக்குள்ளிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் பல் நடுங்கிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்கள்; தோல் பழுப்பாக்கும் பெட்டி இப்போது அங்கேதான் இருந்தது. ட்வைலா சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசினாள். தாழ்த்திப் பேசினாலும் புகார் புகார்தான்.

“துணிப்பையத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாரு வெர்னா. தாழ்வாரத்துல. கதவத் தட்டுறாரு, வாக்குவம் கிளீனர் விக்க வந்தவன் மாதிரி. அவங்கப்பா செஞ்ச கதவு. நான் ஒண்ணும் பேசல, கைய மேல காட்டுனேன். ஜெரால்டு கோடையிலயே கட்டிலப் புடுங்கித் துரு தேச்சுப் பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தாரு, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லாம. இவரு ஏறிப் போனாரு. படுத்தாரு. ஆனா எந்திரிச்சதும் கட்டிலச் சரி பண்ணி வச்சிருவாரு பாருங்க, மூலையெல்லாம் மடிச்சு, ஒரு சுருக்கம் இல்லாம. படுத்தாரா இல்லையான்னே சந்தேகம் வரும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். லாட்ஜா இது?”

“இப்ப?”

ட்வைலா உதட்டில் விரல் வைத்தாள். “ரெண்டு நாளா. வந்து பாருங்க. ஏழாவது படிய மிதிக்காதீங்க, கிரீச்சுங்கும்.”

இடது பக்கக் கதவு முக்கால்வாசி திறந்திருந்தது. வால்நட் மரத்து வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் மேல் விழுந்திருந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த லானி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். போர்வை பாதி தரையில். ஒரு பூட்ஸ் கதவோரம், இன்னொன்று கட்டிலுக்கடியில் கவிழ்ந்து கிடந்தது. நாற்காலி மேல் நேற்றுப் போட்ட சட்டை, முந்தாநாள் போட்ட சட்டை. தலைமாட்டுக் கம்பியில் ஜெரால்டின் பெயிண்டுக்குத் தப்பிய பீன்ஸ் கொடி ஒரு சுற்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெர்னா எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கட்டில்களைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் அவளுக்காகவே சரிசெய்து வைத்த கட்டில்கள்.

“பாருங்க, விரிப்பு எப்படிச் சுருண்டு கெடக்குன்னு,” என்று ட்வைலா காதோரம் கிசுகிசுத்தாள். அதில் பெருமை வழிந்தது. “நான் சரி பண்ண மாட்டேன். அவரே பண்ணட்டும், இல்ல இப்படியே கெடக்கட்டும்.”

திரும்பும்போது வெர்னா ஏழாவது படியை மறந்துவிட்டாள். கிரீச் என்றது. மேலே குறட்டை நின்றது.

“யாரு?” என்று தூக்கக் குரல் கேட்டது.

“யாருமில்ல. நான்தான், தூங்குங்க,” என்றாள் ட்வைலா.

இரண்டு பெண்களும் படியிலேயே அசையாமல் நின்றார்கள். பழைய லானியாக இருந்தால் எழுந்து, மன்னிப்புக் கேட்டு, போர்வையை மடித்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போயிருப்பான். மேலே கட்டில் ஒருமுறை முனகியது, ஆள் புரண்டு படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை மறுபடி ஆரம்பித்தது.

“போதுமா?” என்றாள் ட்வைலா.

“போதும்,” என்றாள் வெர்னா. எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறான் என்று கேட்கவில்லை.